நான்கு மூலைத் துணியும் காந்தாக் கணக்கும்

நவராத்திரி முடிந்ததும் தமிழ்க் குடும்பங்களின் அலமாரியில் ஓர் அடுக்கு உயர்ந்துவிடுகிறது. வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்துடன் வந்து சேர்ந்த ரவிக்கைத் துண்டுகளின் அடுக்கு அது. அளவு போதாதவை, எந்தப் புடவைக்கும் நிறம் பொருந்தாதவை, அச்சுப்பூ பிடிக்காதவை எனப் பலவும் அதில் கிடக்கும். அடுத்த ஆண்டு இன்னொருவருடைய தாம்பூலத் தட்டுக்குச் செல்லும் வரை அவை அங்கேயே காத்திருக்கும். சில துண்டுகள் ஊரைச் சுற்றிவிட்டு, முதலில் விலை கொடுத்து வாங்கியவர் வீட்டுக்கே திரும்பி வந்ததாகவும் கேள்வி.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. ஆனால் அவர்கள் குடியேறியிருக்கும் மண், பழந்துணியை வீணாக்காத மரபு ஒன்றைத் தலைமுறைகளாகக் காத்து வருவது. 'காந்தா' என்பது அதன் பெயர். ரவிக்கைத் துண்டு, ஒதுக்கப்பட்ட கைக்குட்டை, சந்தையில் மலிவாக வாங்கிய அச்சுப்பூத் துப்பட்டா, பழம்புடவையிலிருந்து வெட்டிய சதுரம் ஆகியவற்றைக் கொண்டு என்ன செய்யலாம் என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்குக் காந்தாவைவிட நல்ல விடை எங்களுக்குத் தெரியவில்லை. அந்த விடையோடு ஒரு கணக்கும் சேர்ந்தே வருகிறது. அதையும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கமின்றி நீவி, ஓரங்களைப் பிணைத்து, முழுப் பரப்பிலும் ஊசியை மேலும் கீழுமாக ஓட்டித் தைப்பதே காந்தா. அதில் பெரும்பாலும் ஒரே தையல்தான். நம் வீடுகளில் ஓட்டுத்தையல் என்று சொல்வது. துணி மட்டுமல்ல, நூலும் பழையதே. வெள்ளைப் புடவையின் சிவப்பு, நீலக் கரைகளிலிருந்து இழைகளை உருவி, அவற்றையே வண்ண நூலாகப் பயன்படுத்தினார்கள். கடையில் வாங்க வேண்டியிருந்தது ஊசி ஒன்றுதான். தனித்தனியே கிழிந்துபோகக்கூடிய மூன்று நான்கு மெல்லிய துணிகள், நெருக்கமான தையலால் ஒன்றையொன்று தாங்கி, மேலும் பல ஆண்டுகள் உழைத்தன. அழகு பிறகு வந்தது. முதலில் வந்தது தேவை.

பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் அல்லாமல் பலமுறை துவைத்து மென்மையான பழந்துணியில் சுற்றுவது வங்கத்திலும் வழக்கம், நம்மிடமும் வழக்கம். பாட்டியின் நூல்புடவையில் தூளி கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காந்தாவை நாம் போர்வையாக மட்டுமே எண்ணுகிறோம். பழைய வங்க வீடுகளில் அதற்குப் பல வடிவங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் உண்டு. குளிர்காலத்துக்குரிய தடித்த போர்வை 'லேப்'. விருந்தினருக்கு விரிக்கும் நீள்சதுர விரிப்பு 'சுஜனி'. கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைக்கும் ஒடுங்கிய துணி 'ஆர்ஷிலதா'. உட்காரும் இருக்கை 'ஆசன்'. நமக்கு இங்கு மிகவும் வேண்டியவை சதுர வடிவில் உள்ள மூன்று: கைக்குட்டையாகவும் தட்டு மூடியாகவும் பயன்பட்ட 'ருமால்', நூல்களையும் விலையுயர்ந்த பொருள்களையும் பொதிந்துவைத்த 'பொஸ்தானி', சதுரத்தை மடித்துச் செய்யும் பணப்பை 'துர்ஜனி'. மூன்றும் ஒரே சதுரந்தான். வெட்டாமலே வேறு வேறு பொருளாகிவிடுகிறது என்பதே இதன் நயம்.

இவற்றின் நல்ல மாதிரிகளை நேரில் காண விரும்புவோர், கொல்கத்தாவின் தெற்கே டயமண்ட் ஹார்பர் சாலையில் ஜோகாவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தைத் தேடிச் செல்லலாம். ஐ.சி.எஸ். அதிகாரியாக வங்க மாவட்டங்களில் பணியாற்றிய குருசதய் தத் (1882–1941), ஊர் ஊராகச் சென்ற இடங்களில் சேகரித்த நாட்டுப்புறக் கலைப்பொருள்கள் அங்கே உள்ளன. அவற்றுள் புகழ்பெற்றது மானதாசுந்தரி என்ற பெண் 19ஆம் நூற்றாண்டில் தைத்த காந்தா. தன் கையால் தைத்துத் தந்தைக்கு அளித்தது என்ற செய்தியை அவர் ஊசியாலேயே எழுதிவைத்திருக்கிறார். பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான பெண்கள் தைத்த துணிகளுக்கு நடுவே, தைத்தவர் தம் பெயரைச் சொல்லும் துணி அது. செல்லும்முன், அன்று திறந்திருக்கிறதா என விசாரித்துக்கொள்வது நல்லது. கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேர்த்த காந்தாக்களோ, இன்று அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. வீட்டில் நைந்த புடவையாகத் தொடங்கிய துணி கடல் கடந்து கண்ணாடிப் பேழைக்குள் போய்விட்டது.

அச்சுப்பூச் சதுரத்துக்கும் வங்கத்துக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. 'ருமால்' என்பது பாரசீகச் சொல். முகம் துடைப்பது என்று பொருள். வங்கத்தில் காசிம்பஜார், முர்ஷிதாபாத் வட்டாரத்துப் பட்டுச் சதுரங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு அனுப்பியது. முடிச்சிட்டுச் சாயமேற்றிய புள்ளிக் கைக்குட்டைகளுக்கு அங்கே 'பண்டானா' என்ற பெயர் நிலைத்தது. கட்டுவதைக் குறிக்கும் நம் நாட்டுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஆலைகள் அதைச் சிவப்புப் பருத்தித் துணியில் நகலெடுக்கத் தொடங்கின. தமிழ்க் கரையிலிருந்தும் கட்டம் போட்ட 'மெட்ராஸ் கைக்குட்டை' மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்றது. கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள ஸ்ரீராம்பூரில் பட்டுத்துணிக்கு அச்சிடும் தொழில் இன்றும் நடக்கிறது. ஆகவே பழந்துணிக் குவியலில் கையில் அகப்படும் பூச்சதுரத்தை அற்பமாக எண்ண வேண்டாம். அதன் முன்னோர் நெடுந்தூரம் வணிகம் செய்தவர்கள்.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

மலிவாகக் கிடைப்பதெல்லாம் பயன்படாது. சதுரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை விலகி ஒளி கசியும் இடங்களைத் தவிருங்கள், அல்லது அவற்றை உள்ளடுக்காக வையுங்கள். பிறகு இரு கையாலும் பாவு வழியாகவும் ஊடை வழியாகவும் இழுத்துப் பாருங்கள். 'கரகர'வென்று ஓசை எழுந்தால் அத்துணி தையலைத் தாங்காது. கோணவாக்கில் இழுத்தால் எந்த நெசவுத் துணியும் நீளும். அதனால் மூலைவிட்டமாக வெட்டிய ஓரம் தைக்கும்போது அலையலையாக நெளியும். தொடக்கக்காரர்கள் நேர்வெட்டோடு நிற்பதே நலம்.

வகை தெரியாத துணியில் ஓர் இழையை உருவி, பாதுகாப்பான இடத்தில் தீக்குச்சியால் எரித்துப் பார்க்கலாம். பருத்தி தாள்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, முடி கருகும் நாற்றம் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகிவிடும். பருத்தியையும் பாலியெஸ்டரையும் ஒன்றாக அடுக்கித் தைத்தால், துவைத்தபின் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. தைத்தவரின் உழைப்பு அத்தனையும் புடைத்துக்கொண்டு நிற்கும்.

சாயத்தையும் சோதிக்க வேண்டும். நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் போதும். வெள்ளையில் நிறம் ஏறினால், அந்தச் சதுரத்தைத் தனியாகத் துவைத்துத் துவைத்து, நிறம் விடுவது நின்ற பிறகே எடுங்கள். உப்புநீரில் ஒருமுறை ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்வதை நம்பி, வெள்ளைப் புடவையோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டாம்.

அடுத்தது பூவின் அமைப்பு. பழைய சதுரக் காந்தாவின் நடுவில் தாமரை இருக்கும். நான்கு மூலைகளிலிருந்து மரமோ மாங்காய் வடிவமோ நடுவை நோக்கி வளரும். அச்சிட்ட கைக்குட்டைகள் பலவற்றிலும் இதே அமைப்பைக் காணலாம்: நடுவில் ஒரு வட்டம், நான்கு மூலையிலும் நான்கு பூ, சுற்றிலும் கரை. இத்தகைய சதுரத்தை வெட்டக் கூடாது. வெட்டினால் நான்கு பொருளற்ற துண்டுகளே மிஞ்சும். அதை முழுதாகப் பொஸ்தானியாக்குங்கள். வீட்டில் நாள்தோறும் பாராயணம் செய்யும் நூலுக்கு, சுருதிப்பெட்டிக்கு, வெள்ளிப் பாத்திரத்துக்கு அது தகுந்த பொதிதுணியாகும். நம் முன்னோர் ஏட்டுச்சுவடியைத் துணியில் சுற்றிவைத்ததும் இம்முறையில்தான். பரிசுப்பொருளைத் தாளில் சுற்றிக் கொடுப்பதற்குப் பதிலாக இதில் கட்டிக் கொடுக்கலாம். பெறுபவர் கிழித்தெறிய மாட்டார்.

பரப்பு முழுதும் ஒரே பூ திரும்பத் திரும்ப வரும் ரவிக்கைத் துண்டு வேறு வகை. அதை எங்கு வெட்டினாலும் நட்டமில்லை. அதிலிருந்துதான் துர்ஜனி செய்ய வேண்டும்.

துர்ஜனி செய்யும் முறை

மடித்துத் தைத்தபின் 36 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வேண்டும். ஓரத்துக்காகச் சுற்றிலும் ஒரு செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள். மேலே அச்சுப்பூத் துணி, நடுவில் பழைய பருத்திப் புடவையின் ஓரடுக்கு, அடியில் வேறு நிறத்துத் துணி. மூன்றையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவி, பெரிய தையலாக இழையோட்டி நிறுத்துங்கள். இந்தத் தற்காலிகத் தையலைத் தவிர்த்தால் அடுக்குகள் நகர்ந்துவிடும். அவசரக்காரர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். பிறகு காந்தாத் தையலை ஓட்டி, ஓரத்தை உள்மடித்து முடிக்க வேண்டும்.

சதுரத்தை ஒரு மூலை உங்களை நோக்கியிருக்குமாறு பூப்பக்கம் கீழாக வையுங்கள். இடது, வலது, கீழ் மூலைகள் மூன்றையும் நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்து, அவை சந்திக்கும் இரு கோடுகளையும் தைத்துவிடுங்கள். மேல்மூலை மட்டும் கடித உறையின் மூடிபோல நிற்கும். அதன் நுனியில் ஒரு நாடாவைத் தைத்தால், பையைச் சுற்றிக் கட்டலாம். 36 செ.மீ. சதுரம் இப்போது 25 செ.மீ. பக்கமுள்ள உறையாகியிருக்கும். கணக்குப் புத்தகம், காசோலைப் புத்தகம், வைப்புத்தொகை ரசீதுகள் அதில் தாராளமாக அடங்கும். வங்கி இதழில் இந்தப் பையைத் தேர்ந்தெடுத்து எழுதுவதன் காரணத்தை வாசகர் ஊகித்திருப்பர். நெகிழிப் பைகளில் ஈரம் கோத்து ஒட்டிக்கொண்ட ரசீதுகளைப் பிரித்தெடுக்கும் வேலை எங்களுக்கு அடிக்கடி வாய்க்கிறது.

விலை வைக்கும் கணக்கு

இதுவரை சொன்னது வீட்டுப் பயனுக்கு. பலர் அதோடு நிற்பதில்லை. உறவினர் பாராட்டுவர், இரண்டு பேர் கேட்டு வாங்குவர், பிறகு விற்பனை எண்ணம் வரும், கடன் கேட்டு எங்கள் கிளைக்கும் வருவர். அந்த இடத்தில் கணக்கு தவறிவிடுகிறது. 'துணி சும்மா கிடைத்தது, 250 ரூபாய்க்கு விற்றால் லாபந்தானே' என்ற பேச்சை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு துர்ஜனிக்குத் துணி 40 ரூபாய், நூல் 25, உள்ளடுக்கும் நாடாவும் 45. ஆகப் பொருட்செலவு 110 ரூபாய் என்று கொள்வோம். 36 செ.மீ. சதுரம் முழுவதையும் அரை செ.மீ. இடைவெளியில் வரிவரியாகத் தைத்தால் 72 வரிகள் வரும். மொத்த நீளம் ஏறத்தாழ 26 மீட்டர். கைத்தையலில் ஒரு மணி நேரத்துக்கு 2 மீட்டர் என்று வைத்தால் 13 மணி நேரம். மடித்து முடிக்க இன்னும் ஒன்று. ஆக 14 மணி நேரம். 250 ரூபாய்க்கு விற்றால், பொருட்செலவு போக மிஞ்சும் 140 ரூபாயே அந்த 14 மணி நேரத்துக்குக் கூலி. மணிக்குப் பத்து ரூபாய். இதை லாபம் என்று எழுதிக்கொள்வது, தைத்தவரின் நேரத்துக்கு விலையே இல்லை என்று ஒப்புக்கொள்வதாகும். மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தால் விலை 950 ரூபாயாக இருக்க வேண்டும். அந்த விலைக்கு அறிமுகமில்லாதவரிடம் வாங்குவோர் சிலரே.

தன் வீட்டாருக்காக, ஓய்வு வேளையில், பல மாதங்கள் எடுத்துத் தைத்த காலத்தில் இந்தக் கணக்கு எழவில்லை. காந்தா அன்று விற்பனைப் பொருளே அன்று. விற்பனைக்கு வந்த பிறகுதான் மணிக்கணக்கின் சுமை தைப்பவர் தலையில் ஏறியது. ஒரு பொருளுக்கு இவ்வளவு என்று கூலி பேசித் தைக்கக் கொடுக்கும் இடங்களில், நெருக்கமான தையலுக்கும் இடைவெளித் தையலுக்கும் ஒரே கூலி என்றால், நட்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. சோனார்பூரைச் சேர்ந்த பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023இலும், தக்தீரா பேகத்துக்கு 2024இலும் பத்மஸ்ரீ விருது வழங்கிக் காந்தாக் கலையை நாடு பெருமைப்படுத்தியுள்ளது. கலைக்குக் கிடைத்த மதிப்பு ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் கூலியாக மாறுவதற்கு, விலைச்சீட்டில் மணிக்கணக்கு ஏறியாக வேண்டும்.

அச்சுப்பூத் துணி இங்கேதான் கைகொடுக்கிறது. வெறும் வெள்ளைத் துணியில் பூவைத் தையலே உருவாக்க வேண்டும். அச்சுத்துணியில் பூ முன்பே இருக்கிறது. எனவே பரப்பை நிரப்பாமல், பூவின் விளிம்பையும் கரையின் கோட்டையும் மட்டும் பின்தொடர்ந்து தைத்தால் போதும். 26 மீட்டர் 8 மீட்டராகக் குறையும். முடிக்கும் வேலையோடு 5 மணி நேரம். மணிக்கு அதே 60 ரூபாய் என்றால் கூலி 300, விலை 410 ரூபாய். அடுக்குகளும் நகராமல் நிற்கும், பூவும் எடுப்பாகத் தெரியும். கண்டிப்பான கலை ரசிகர்கள் இதைக் காந்தா என்று ஏற்கத் தயங்கலாம். தைப்பவருக்கு மணிக்குப் பத்து ரூபாய் கிடைக்கும் தூய காந்தாவைவிட, அறுபது ரூபாய் கிடைக்கும் இந்தப் பையையே நாங்கள் பரிந்துரைப்போம். கடையில் வைத்து விற்றால் கடைக்காரர் பங்கு 410க்கு மேல்தான் சேர வேண்டும். அதற்குள்ளிருந்து எடுத்தால், முதலில் குறைவது கூலியே.

கடனைப் பற்றியும் ஒரு சொல். இத்தொழிலுக்கு வருவோர் பெரும்பாலும் தையல் இயந்திரத்துக்கே விண்ணப்பிக்கின்றனர். கைத்தையலுக்கு இயந்திரம் முதல் தேவையன்று. காத்திருக்கும் காலத்துக்கான பணமே முதல் தேவை. ஐம்பது துர்ஜனிக்குப் பொருட்செலவு 5,500 ரூபாய். உழைப்பு 250 மணி நேரம். ஒருவர் நாளுக்கு 4 மணி நேரம் தைத்தால் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். விற்பனைப் பணம் கைக்கு வர இன்னும் ஒரு மாதம் என்று வையுங்கள். மூன்று மாதம் கூலியின்றி உழைக்க எந்தக் குடும்பத்தால் முடியும்? கூலி 15,000 ரூபாயையும் சேர்த்தால் தேவைப்படும் நடைமுறை மூலதனம் 20,500 ரூபாய். விண்ணப்பத்தில் எழுத வேண்டிய தொகை இதுவே, 5,500 அன்று. கூலியைச் செலவாகக் காட்டினால் கடன் மறுக்கப்படும் என்ற அச்சம் வேண்டாம். எல்லாச் செலவையும் காட்டிய கணக்கைப் படிக்கும் அதிகாரிக்கு, திருப்பிச் செலுத்தும் தவணையை எப்போது தொடங்கலாம் என்று முடிவுசெய்வது எளிதாகிறது.

2015இல் தொடங்கிய பிரதம மந்திரி முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையமின்றிக் கடன் பெறலாம். மேற்சொன்ன தேவை அதற்குள் அடங்கும். ஐந்து பெண்கள் சேர்ந்து தைத்தால் அதே ஐம்பது பைகள் 13 நாளில் முடியும். காத்திருக்கும் காலமும் சுருங்கும். 1992 முதல் நபார்டு வழிகாட்டுதலில் நடக்கும் சுய உதவிக் குழு – வங்கி இணைப்புத் திட்டம் இத்தகையோருக்கு ஏற்றது. குழுவில் யார் எத்தனை மணி நேரம் தைத்தார் என்பதற்குத் தனிக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். பைகளின் எண்ணிக்கையை வைத்துப் பணம் பிரித்தால், நெருக்கமாகத் தைப்பவர் விரைவில் குழுவை விட்டு விலகிவிடுவார்.

விற்பனைச் சீட்டில் எழுதவேண்டியவை சில உண்டு. பயன்படுத்திய துணியிலிருந்து செய்தது, துவைத்துத் தூய்மை செய்தது, எந்த வகைத் துணி என்ற மூன்றையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். 'நக்ஷி காந்தா' என்பது மேற்கு வங்கத்துக்குரிய புவிசார் குறியீடு பெற்ற பெயர். மதுரையிலோ மயிலாப்பூரிலோ தைத்த பைக்கு அப்பெயரைச் சூட்ட இயலாது. 'காந்தா முறையில் கையால் தைத்தது' என்று எழுதினால் போதும். அதற்குக் கீழே தைத்தவர் பெயரையும், எடுத்துக்கொண்ட மணி நேரத்தையும் குறிப்பிட ஒரு வரி இடம் விடுங்கள்.